ஒகவாங்கோவில் ஓர் இரவின் விலை

அன்புள்ள ஐயா,

ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் மகள், என் பணி ஓய்வுக்குப் பரிசாக எங்கள் இருவரையும் போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ காடுகளுக்கு அனுப்புவதாகச் சொல்கிறாள். ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. நண்பர் ஒருவர், "வெள்ளைக்காரன் வேட்டையாடிய காட்டில் இப்போது பணக்காரன் கேமரா பிடிக்கிறான், அவ்வளவுதான்" என்கிறார். இந்த விலையில் நியாயம் உண்டா? என் மனைவி சைவம். அங்கே என்ன சாப்பிடுவது என்பது அவளுடைய கேள்வி.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

போய் வாருங்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கீழே இருப்பதைப் படித்துவிட்டு மகளிடம் டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிடுவீர்கள்.

கூடாரத்துக்குள் குளியல் தொட்டி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இரவு விருந்து என்று விளம்பரத்தில் வருவதெல்லாம் மேல்பூச்சு. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது, மற்றவர்கள் அங்கே வராமல் இருப்பதை. கென்யாவின் மாசாய் மாராவில் விலங்குக் கூட்டங்கள் ஆற்றைக் கடக்கும் நாட்களில் ஜீப்புகள் கரையில் முண்டியடித்து நிற்கும். போட்ஸ்வானா 1990-இல் சுற்றுலாக் கொள்கையை வகுத்தபோதே அந்த வழி வேண்டாம் என்று முடிவு செய்தது. ஆட்கள் குறைவாக வரட்டும், வருகிறவர்கள் நிறையக் கொடுக்கட்டும் என்பதுதான் கணக்கு. அங்குள்ள மொரேமி வனவிலங்குக் காப்பகத்துக்கு வெளியே உள்ள நிலம் தனித்தனி வட்டாரங்களாகக் குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறது. எத்தனை படுக்கைகள் போடலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. பிற்பாடு தடம் தெரியாமல் பெயர்த்துக்கொண்டு போகும்படி மரத்தளமும் கான்வாஸுமாகவே முகாம்களை எழுப்புகிறார்கள். காய்கறி முதல் டீசல் வரை எல்லாம் மவுன் நகரத்திலிருந்து சிறு விமானத்திலோ, மணல் தடத்தில் லாரியிலோ வர வேண்டும்.

இன்னொரு காரணம் தண்ணீர். அங்கோலாவின் மேட்டு நிலங்களில் ஜனவரி, பிப்ரவரியில் பெய்யும் மழை ஒகவாங்கோ ஆறாக இறங்கி, நமீபியாவின் ஒடுக்கமான நிலப்பட்டையைக் கடந்து, கலஹாரி மணலில் விசிறிபோல் டெல்டாவாக விரிகிறது. சரிவு மிகக் குறைவு என்பதால் வெள்ளம் வந்து சேர மாதங்கள் ஆகும். டெல்டாவில் அது உச்சத்தைத் தொடுவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. போட்ஸ்வானாவில் மழையே இல்லாத காலம் அது. சுற்றிலும் குட்டைகள் வற்றும்போது இங்கே மட்டும் தண்ணீர் ஏறுகிறது. யானைகள் வருகின்றன, எருமைகள் வருகின்றன, அவற்றைத் தேடிச் சிங்கங்கள் வருகின்றன, கூடவே டாலரும் வருகிறது. வந்த தண்ணீர் கடலைச் சேராமல் பெரும்பாலும் ஆவியாகிப்போகிறது.

உங்கள் நண்பரின் குத்தல் ஆப்பிரிக்காவின் பல பூங்காக்களுக்குப் பொருந்தும். ஒகவாங்கோவின் மொரேமி காப்பகத்துக்கு அப்படியே பொருந்தாது. 1963-இல், நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, வேட்டையால் விலங்குகள் அருகுவதைக் கண்டு பட்டவானா மக்கள் தங்கள் நிலத்தில் ஒதுக்கியது அது. அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் மறைந்த தலைவர் மூன்றாம் மொரேமியின் மனைவி. முகாம்களில் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். அதற்கு அடுத்த வரியைக் கேட்டால்தான் சொல்வார்கள். அந்த எல்லைக்குள் வேட்டையாடி வாழ்ந்த புகாக்வே சான் பழங்குடி மக்கள் வெளியேற வேண்டியதாயிற்று. காப்பகத்தின் வடக்கு வாசலுக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில் இருக்கும் க்வாய் கிராமம் அவர்களுடையது. நீங்கள் வாங்கும் தனிமைக்கு முதல் தவணை கட்டியவர்கள் அவர்கள்தாம். இப்போது அந்தக் கிராமத்துக்கென ஓர் அறக்கட்டளை இருக்கிறது. அக்கம்பக்கத்து நிலத்தில் நடக்கும் சுற்றுலாவிலிருந்து அதற்கு வருமானம் வருகிறது.

அடுத்த தவணைகளையும் கிராமத்தார்தான் கட்டுகிறார்கள். 2022 கணக்கெடுப்பில் போட்ஸ்வானாவின் யானைகள் ஏறத்தாழ 1,32,000. மக்கள்தொகையோ 24 லட்சத்துக்கும் குறைவு. கூடார வாசலில் வந்து நிற்கும் யானை உங்களுக்கு ஒரு புகைப்படம். அதே யானை சோளக்கொல்லையில் இறங்கினால் ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சாப்பாடு ஒரே இரவில் போய்விடும். 2014-இல் வேட்டையைத் தடை செய்தார்கள், 2019-இல் தடையை நீக்கினார்கள், வெளிநாடுகளில் பெரும் கூச்சல் எழுந்தது. பொழுதுபோக்குக்காக யானையைச் சுடுவது எனக்கும் அருவருப்புதான். ஆனால் அந்தத் தடையால் உரிம வருமானத்தை இழந்த கிராமங்களுக்குக் கூச்சலிட்டவர்களிடம் பதில் இருந்ததாகத் தெரியவில்லை. எல்லாக் காட்டுக்கும் ஒகவாங்கோவின் அழகு வாய்ப்பதில்லை. வறண்ட முள்காட்டுக்குக் கேமராவோடு யார் போவார்கள்? 2024-இல், வேட்டையாடிய விலங்குகளின் தலை, தந்தம் போன்றவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்த ஜெர்மனி முனைந்தபோது, அன்றைய அதிபர் மசிசி இருபதாயிரம் யானைகளை ஜெர்மனிக்கே அனுப்பிவைப்பதாக மிரட்டினார். சிரித்துவிட்டேன், ஆனால் மனிதர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை.

ஆகவே மகளிடம் முகாமுக்கு எத்தனை நட்சத்திரத் தகுதி என்று எண்ண வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த முகாமின் நிலம் யாரிடமிருந்து குத்தகைக்கு எடுத்தது, கிராம அறக்கட்டளைக்கு என்ன போகிறது, வழிகாட்டிகளும் மேலாளர்களும் எந்த ஊர்க்காரர்கள் என்று எழுதிக் கேட்கட்டும். மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு முகாம் பாருங்கள். ஜூலையை விட்டு ஏப்ரல், மே மாதங்களில் போனால் கட்டணம் குறையும். நான்கு முகாம்களைத் தொட்டுவிட்டு ஓடுவதைவிட இரண்டில் நிதானமாகத் தங்குங்கள். முகாம் மாறும்போதெல்லாம் விமானச் செலவு வேறு. மொரேமிக்குள் இரவில் வண்டி ஓட்டவும் தடத்தை விட்டு இறங்கவும் அனுமதி இல்லை; தனிக் குத்தகை வட்டாரங்களில் உண்டு. சிறுத்தையைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் மனைவியின் கேள்விக்கு: முன்பதிவின்போதே சைவம் என்று எழுதிவிடுங்கள், முட்டையும் கூடாது என்றால் அதையும் சேர்த்து. சரக்கெல்லாம் விமானத்தில் வருகிற இடத்தில், போய் இறங்கிய பிறகு சொன்னால் ரொட்டியும் சாலடும்தான் கிடைக்கும். கையோடு ஏதாவது எடுத்துப்போவதானால், அந்தச் சிறு விமானங்களில் பொதுவாக ஆளுக்கு 20 கிலோதான் அனுமதி, அதுவும் மடங்கும் துணிப்பையில். சக்கரம் வைத்த பெட்டியை மகள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் இப்போதே கேட்டுவிடுவது நல்லது.