எது மிஞ்சியது? அழிவைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் பற்றிக் கேள்வி பதில்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு வாசகசாலையில் மாதம் ஒரு ஞாயிறு மாலை ஆங்கிலச் சந்தேகங்களுக்கென்று உட்காருகிறோம். முப்பது வருடம் அச்சகத்தில் ஆங்கிலப் புரூஃப் பார்த்தவன் என்பதால் பதில் சொல்லும் வேலை எனக்கு. இந்தத் தடவை எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே விஷயத்தைக் கேட்டார்கள்: ‘அடியோடு அழிந்தது’ என்பதற்கு எங்கே எந்தச் சொல்?

கல்லூரி மாணவி, கொருக்குப்பேட்டை: குடிசை எரிந்தால் பேப்பரில் ‘கட்டட்’ என்று போடுகிறார்களே, ‘டெஸ்ட்ராய்ட்’ என்று எழுதினால் தப்பா சார்?

தப்பில்லைம்மா. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. காசிமேட்டில் மீன் வெட்டித் தரும் அக்காக்களைக் கொஞ்ச நேரம் நின்று பார். வஞ்சிரத்தின் வயிற்றை ஒரே கீறாகக் கீறி, விரலை உள்ளே விட்டு வளைத்து, குடலும் பித்தும் ஒரே இழுப்பில் வெளியே வந்துவிடும். மேல்தோல் பளபளவென்று அப்படியே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஆங்கிலத்தில் ‘ஜி’ எழுத்தில் தொடங்கும் ‘கட்’ என்றால் குடல். சுவர் நிற்க, உள்ளே இருந்ததெல்லாம் கரியாகிப் போன கட்டடத்துக்குத்தான் ‘கட்டட்’ சரியாகப் பொருந்தும். 1985இல் எரிந்த மூர் மார்க்கெட்டுக்கு அந்தச் சொல்லைத் தாராளமாகப் போடலாம். ஓலைக்குடிசையில் சுவரும் சேர்ந்தே போய்விடுகிறது, அங்கே ‘பர்ன்ட் டவுன்’ நல்லது. நம் ஊர்ப் பத்திரிகைகள் குடிசைக்கும் ‘கட்டட்’ போட்டுப் பழகிவிட்டன. என் கைக்கு வந்தால் மாற்றிவிடுவேன்.

அழிவைப் பற்றி எழுதும்போது ‘எவ்வளவு அழிந்தது’ என்று கேட்பதைவிட ‘எது மிஞ்சியது’ என்று கேட்டுப் பாருங்கள். சொல் தானாக வரும்.

விசைப்படகுக்காரர் மகள், காசிமேடு: அப்பாவின் படகு பாறையில் மோதி அடிப்பலகை பிளந்துவிட்டது. கரைக்கு இழுத்து வந்துவிட்டோம். இன்சூரன்ஸ் கடிதத்தில் ‘கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லாஸ்’ என்று இருக்கிறது. படகு கண்ணெதிரே நிற்கிறதே, எப்படி முழு நஷ்டம்?

இதைக் கவனமாகக் கேளும்மா, காசு விஷயம். கடல் காப்பீட்டில் முழு இழப்பு இரண்டு வகை. படகு மூழ்கிப் போனால், அல்லது படகு என்றே சொல்ல முடியாதபடி சிதைந்தால், அது ‘ஆக்சுவல் டோட்டல் லாஸ்’. படகு நிற்கிறது, ஆனால் சரிசெய்யும் செலவு படகின் மதிப்பைத் தாண்டுகிறது என்றால் ‘கன்ஸ்ட்ரக்டிவ்’. இங்கே அந்தச் சொல்லுக்குக் ‘கட்டுமானம்’ என்று பொருள் இல்லை. ‘அப்படியே ஆனதாகக் கொள்ளுதல்’ என்று பொருள்.

இந்த இரண்டாவது வகையில் முழுத் தொகை கேட்பதற்கு, ‘நோட்டீஸ் ஆஃப் அபாண்டன்மென்ட்’, அதாவது படகின் மீதுள்ள உரிமையை உங்களுக்கே விட்டுவிடுகிறோம் என்ற அறிவிப்பை இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும் என்பது 1963ஆம் வருடக் கடல் காப்பீட்டுச் சட்டத்தின் பொது விதி. கொடுக்காவிட்டால் பகுதி இழப்பாகவே கணக்குப் போட இடம் இருக்கிறது. அப்பாவிடம் நாளைக்கே பாலிசியை எடுக்கச் சொல். அந்தக் கடிதத்தோடு சேர்த்து விவரம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள்.

பிளஸ் டூ மாணவர், ராயபுரம்: ‘எம்டன் கப்பல் மெட்ராஸை அனையலேட் செய்தது’ என்று கட்டுரையில் எழுதினேன். டீச்சர் அடித்துவிட்டார்.

டீச்சர் சரியாகத்தான் செய்திருக்கிறார் தம்பி. அந்தச் சொல்லுக்குள் இருப்பது ‘நிஹில்’, லத்தீனில் ‘ஒன்றுமில்லை’. ஊரே இல்லாமல் போயிருந்தால்தான் அது பொருந்தும். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சுட்டதில் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, ஜனங்கள் பயந்து ஊரைவிட்டு ஓடினார்கள், ஆனால் ஊர் இருந்தது. ‘பம்பார்டட்’ என்று எழுது. அதே எம்டனை நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அடித்து நொறுக்கியது. கேப்டனே கப்பலைப் பாறைத்திட்டில் ஏற்றிவிட்டார். அதற்கு ‘ரெக்ட்’ பொருத்தம்.

கடைக்காரர், மண்ணடி: ‘ரேஸ்’ என்றால் உயர்த்துவதா, இடிப்பதா?

உச்சரிப்பு ஒன்று, எழுத்து வேறு. ‘எஸ்’ போட்டால் உயர்த்துவது, ‘இசட்’ போட்டால் தரைமட்டமாக்குவது. முகம் மழிக்கும் ‘ரேசர்’ இந்த இரண்டாவதன் சொந்தக்காரன். உங்கள் கடைக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. இப்போது ஹைகோர்ட் நிற்கும் இடத்தில்தான் பழைய கருப்பர் நகரம் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கோட்டையைச் சுற்றி மறைப்பு இருக்கக்கூடாது என்று வீடு, சென்னகேசவர் கோவில் எல்லாவற்றையும் இடித்து மழித்துவிட்டார்கள். அந்த வெட்டவெளிக்கு 1773இல் நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரத்தில் இன்னும் இருக்கிறது. அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

நர்சிங் மாணவி, தண்டையார்பேட்டை: ‘எராடிகேட்’, ‘எலிமினேட்’ இரண்டும் ஒன்றுதானே?

பேச்சில் ஒன்றுதான், உன் பாடத்தில் இல்லை. முதல் சொல்லுக்குள் இருப்பது ‘ராடிக்ஸ்’, வேர். நம் ‘நிர்மூலம்’ அச்சு அசலாக அதேதான், மூலம் இல்லாமல் செய்வது. பெரியம்மை உலகத்திலேயே இல்லை என்று 1980இல் அறிவித்தார்கள், அது எராடிகேஷன். இரண்டாவதற்குள் இருப்பது வாசற்படி, வாசலுக்கு வெளியே தள்ளுவது. இந்தியா 2014இல் போலியோ இல்லாத நாடாகச் சான்று பெற்றது எலிமினேஷன். வெளியே தள்ளியது திரும்பி வரலாம் என்பதால்தான் இன்னும் சொட்டு மருந்து கொடுக்கிறோம்.

டிஎன்பிஎஸ்சி படிப்பவர், வியாசர்பாடி: ‘டெசிமேட்’ பத்தில் ஒன்றா, முழுவதுமா?

பிறந்தபோது பத்தில் ஒன்று. கலகம் செய்த படையில் பத்துக்கு ஒருவரைச் சீட்டெடுத்துக் கொல்வது ரோமானியத் தண்டனை. இப்போது ‘பெரும்பகுதி அழிந்தது’ என்ற பொருளை அகராதிகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. பெரும்பகுதிதான், முழுவதும் இல்லை. அதனால் ‘கம்ப்ளீட்லி டெசிமேட்டட்’ வேண்டாம்.

ஆட்டோ ஓட்டுபவர், எருக்கஞ்சேரி: மேட்சில் படுதோல்வியை ‘ஹோலோகாஸ்ட்’ என்று என் பையன் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறான். சரியா சார்?

எடுக்கச் சொல்லுங்கள் அண்ணே. நாஜிகள் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றதன் பெயர் அது. ‘ஜெனோசைட்’ என்ற சொல்லை ரஃபேல் லெம்கின் 1944இல் உருவாக்கியதும், ஓர் இனத்தையே இல்லாமல் செய்யும் கொடுமைக்கு அதுவரை பெயர் இல்லாததால்தான். கிரிக்கெட்டுக்கு ‘த்ராஷ்ட்’ போதும். ‘துவைத்து எடுத்துவிட்டார்கள்’ என்று தமிழிலேயே வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.