ஃபிளாப் இறங்காவிட்டால் விமானம் இறங்குமா?

விமானப் பராமரிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, திருவையாற்றில் வசிப்பவரிடம் டெல்டா வாசகர்கள் கேட்டவை.

கும்பகோணம் வாசகி: இறக்கைக்குப் பின்னால் நீளுமே ஃபிளாப், அது சிக்கிக்கொண்டால் விமானம் விழுந்துவிடுமா சார்?

விழாதம்மா. ஃபிளாப்பும், முன்விளிம்பில் இருக்கும் ஸ்லாட்டும் குறைந்த வேகத்தில் இறக்கைக்குக் கூடுதல் தூக்குவிசை கொடுக்கின்றன. அவை இல்லையென்றால் வேகத்தைக் குறைக்க முடியாது, அவ்வளவுதான். மணிக்கு 260 கிலோமீட்டரை ஒட்டி இறங்கும் போயிங் 737 விமானம், எதுவுமே இறங்காத நிலையில் 350ஐ நெருங்கி வர வேண்டியிருக்கும். தொல்லை தரை தொட்டபின்தான். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால், பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த நேரத்தில் விமானி பூப்போல இறக்கப் பார்க்கக் கூடாது. மிதக்கிற ஒவ்வொரு நொடியும் ஓடுபாதையைத் தின்றுவிடும். 'தொம்'மென்று இறக்கினால் திட்டாதீர்கள்.

மன்னார்குடி வாசகர்: ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் இறங்காவிட்டால் கவிழ்ந்துவிடாதா?

நான் பயப்படுவது இதற்குத்தான். 1979 மே 25 அன்று சிகாகோவில் கிளம்பிய டிசி-10 விமானத்தின் இடது எஞ்சின் கழன்று விழுந்தது. அது ஹைட்ராலிக் குழாய்களையும் (இந்தப் பாகங்களை நகர்த்தும் திரவ அழுத்தம் போகும் குழாய்கள்) அறுத்துக்கொண்டு போக, இடது ஸ்லாட்கள் காற்றின் அழுத்தத்தில் உள்ளே போய்விட்டன. அவற்றைப் பிடித்து நிறுத்தப் பூட்டு எதுவும் இல்லை. இடது இறக்கை மட்டும் தூக்குவிசை இழந்து விமானம் புரண்டது. தரையில் இருந்த இருவரையும் சேர்த்து 273 பேர் இறந்தார்கள். இன்றைய விமானங்களில் இரு பக்கமும் ஒத்து நகர்கிறதா என்று உணரிகள் பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தாலும் இரண்டும் நின்ற இடத்திலேயே நிறுத்தப்படும். அப்புறம் பாதி ஃபிளாப்போடு இறங்க வேண்டியதுதான்.

திருவாரூர் வாசகர்: 2024 அக்டோபரில் திருச்சியிலிருந்து சார்ஜா கிளம்பிய விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றியதே, அதுவும் ஃபிளாப் கோளாறா?

ஹைட்ராலிக் கோளாறு என்றார்கள். ஃபிளாப்பை வழக்கமாக நகர்த்துவதும் ஹைட்ராலிக் அழுத்தம்தான். அது போனால் 737இல் மின் மோட்டாரால் மெதுவாக இறக்கலாம். சுற்றியது, இறங்குமுன் எடை குறைய. 737இல் எரிபொருளை வானத்தில் கொட்டும் வசதி கிடையாது, எரித்துத்தான் தீர்க்க வேண்டும். டிவியைப் பார்த்து ஊரே பதறியது. 141 பேரும் திருச்சியிலேயே பத்திரமாக இறங்கினார்கள்.

மயிலாடுதுறை வாசகர்: ஐப்பசி மழையில் இப்படி ஆனால் திருச்சி ரன்வே போதுமா?

எடை, காற்று, ஈரம் எல்லாம் போட்டுக் கணக்குப் பார்ப்பார்கள். திருச்சி ஓடுபாதை ஏறக்குறைய 2,480 மீட்டர். கணக்கு இடித்தால் 3,600 மீட்டருக்கு மேல் இருக்கும் சென்னைக்குப் போகலாம். நின்றபின் டயர் காற்று இறங்கினால் பயம் வேண்டாம். சக்கரத்தில் உள்ள சிறு அடைப்பான்கள் சூட்டில் உருகிக் காற்றை வெளியே விடும். டயர் வெடிக்காமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு.

திருவையாறு வாசகி: கிளம்பும்போது ஃபிளாப் கொஞ்சம்தான் இறங்கியது. பழுதா?

இல்லை. கிளம்பக் கொஞ்சம், இறங்க அதிகம்.