வைல்டரை எப்படி சார் விடலாம்?

கேள்வி: போன இதழ்ல "கடந்த பத்து வருஷத்து ஹெவிவெயிட் பாக்ஸிங்ல உலகத்தரம்னு கண்ணை மூடிட்டு சொல்லலாம்னா உசிக், ஃப்யூரி ரெண்டு பேர்தான், ஜோஷுவா அடுத்த படி"ன்னு எழுதினீங்க. டியான்டே வைல்டர் பேரையே எடுக்கல. அஞ்சு வருஷம் டபிள்யூபிசி அமைப்போட உலக சாம்பியன், பத்து டிஃபென்ஸ் (பத்து தடவை பட்டத்தைக் காப்பாத்தினார்), 40 நாக்அவுட்டுக்கு மேல. அவரை விட்டுட்டு ஒரு பெல்ட்டுகூட (உலகப் பட்டம்) ஜெயிக்காத டேவிட் டுவாவை அதே பக்கத்துல உலகத்தரம்னு சொல்றீங்க. எந்தக் கணக்கு சார் இது? அப்படியே இளம் பாக்ஸர் மோசஸ் இடாமா பத்தியும் சொல்லிடுங்க, அவர் ஏற்கெனவே அந்த லெவலுக்கு வந்துட்டார்தானே?
- வாசகர், ஈரோடு

பதில்: கணக்கு கேட்டீங்க, சொல்றேன். ஆனா வைல்டருக்காக நீங்க கொண்டு வந்த மூணு சாட்சியுமே செல்லாத சாட்சி, அதை முதல்ல பேசி முடிச்சிடுவோம்.

முதல்ல பெல்ட்டு. 2015 நவம்பர்ல டுசல்டார்ஃப்ல விளாடிமிர் க்ளிச்கோவை ஃப்யூரி ஜெயிச்சார், ஒப்பந்தப்படி க்ளிச்கோவுக்கு ரீமேட்ச் குடுக்கணும், பட்டம் தர்ற இன்னொரு அமைப்பான ஐபிஎஃப்காரங்களோ அதெல்லாம் அப்புறம், எங்க லிஸ்ட்ல முதல்ல நிக்கிற க்ளாஸ்கோவோட ஆடுன்னு சொல்லி ரெண்டு வாரத்துக்குள்ள பெல்ட்டைப் பிடுங்கிட்டாங்க. காலியான பெல்ட்டுக்கு அடுத்த ஜனவரியில க்ளாஸ்கோவும் சார்லஸ் மார்ட்டினும் மோதினாங்க, மூணாவது ரவுண்டுல க்ளாஸ்கோவுக்கு முட்டி போயிடுச்சு, ஆட முடியல, மார்ட்டின் உலக சாம்பியன் ஆயிட்டார்! ஏப்ரல்ல லண்டனுக்கு வந்து ஜோஷுவா கையால ரெண்டாவது ரவுண்டுல படுத்தார். 85 நாள் சாம்பியன். ரெக்கார்டு புக்ல அவர் பேரும் இருக்கு, உங்க கணக்குப்படி பார்த்தா அவரையும் நான் சேர்த்தாகணும்.

டுவாவை ஏன் சேர்த்தீங்கன்னு கேக்கறீங்களே, பெல்ட்டு எவ்வளவு கோணலா போகும்னு காட்டறதுக்கு அவரைவிட நல்ல ஆள் கிடைக்காது. 1996 மார்ச்ல அட்லான்டிக் சிட்டியில டுவா ஒருத்தரை 19 விநாடியில தூக்கிப் போட்டார். அந்த ஒருத்தர் ஜான் ரூயிஸ். அதே ரூயிஸ் அஞ்சு வருஷம் கழிச்சு, வயசாகி இறங்குமுகத்துல இருந்த ஹோலிஃபீல்டை பாயின்ட்ஸ்ல ஜெயிச்சு டபிள்யூபிஏங்கற இன்னொரு அமைப்போட சாம்பியன் ஆனார், அப்புறம் ராய் ஜோன்ஸ் எடை குறைஞ்ச லைட் ஹெவி பிரிவுல இருந்து ஏறி வந்து அவரை சுத்தி சுத்தி அடிச்சுட்டுப் போனார். டுவாவுக்குக் கடைசி வரைக்கும் பெல்ட்டு இல்ல. 2000 நவம்பர்ல லென்னாக்ஸ் லூயிஸ்கிட்ட வாய்ப்பு வந்துச்சு, 5 அடி 10 அங்குல ஆள் 6 அடி 5 அங்குல ஆளோட ஜாபை (முன் கையால நேரா விடற குத்து) தாண்டி உள்ள போகவே முடியாம பன்னெண்டு ரவுண்டு ஆடி பாயின்ட்ஸ்ல தோத்தார்.

ஆனா டுவாவை நான் சேர்த்தது அந்த 19 விநாடிக்காக இல்ல. 1997 ஜூன்ல சாக்ரமென்டோவுல ஐக் இபியாபூச்சியோட அவர் ஆடின ஆட்டத்துக்காக. ரெண்டு பேருமே அதுவரைக்கும் தோக்காதவங்க, பன்னெண்டு ரவுண்டு, ரெண்டு பேரும் சேர்ந்து வீசின பன்ச் 1,730, அன்னைக்கு அது ஹெவிவெயிட் ரெக்கார்டு. நூறு கிலோ ஆளுங்க மூணு நிமிஷம் அடிச்சுட்டு நாலாவது ரவுண்டுல கட்டிப் பிடிச்சு மூச்சு வாங்கற டிவிஷன்ல ஒருத்தரும் பின்வாங்கல. தீர்ப்பு இபியாபூச்சி பக்கம் போச்சு. தோத்த அந்த ராத்திரியில டுவா காட்டின தரத்தை பாதி சாம்பியன்கள் ஜெயிச்ச ராத்திரியிலகூட காட்டினதில்ல. பார்க்கலைன்னா தேடிப் பார்த்துட்டு வாங்க, மேல பேசலாம்.

அடுத்தது நாக்அவுட் எண்ணிக்கை. பீட்டர் மெக்நீலின்னு ஒரு புண்ணியவான். ஜெயிலுக்குப் போய் வந்த டைசனோட 1995 ஆகஸ்ட்ல மோதறப்ப அவர் ரெக்கார்டு 36 வெற்றி, 1 தோல்வி, அதுல 30 நாக்அவுட். பேப்பர்ல பார்த்தா பயமா இருக்கும். ஆடினது எல்லாம் யாரோடன்னு பார்த்தா உப்புக்குச் சப்பாணிங்க, ஜெயிச்சதைவிட தோத்தது அதிகமா இருக்கற ஆளுங்க. 89 விநாடியில அவரோட மேனேஜரே ரிங்குக்குள்ள ஏறி ஆட்டத்தை நிறுத்திட்டார். டென்னிஸ் பால்ல செஞ்சுரி அடிச்சவனை நேரா டெஸ்ட் மேட்ச்சுக்கு இறக்கி விட்ட மாதிரி.

வைல்டரை மெக்நீலியோட ஒண்ணா வெக்கல, உடனே அடுத்த லெட்டர் எழுதிடாதீங்க. ஆனா முதல் 32 ஆட்டமும் நாலு ரவுண்டுக்குள்ள நாக்அவுட்னு அவர் ரசிகர்கள் பெருமையா எண்றாங்களே, அதை நான் கவலையோட எண்ணுவேன். ஆறு வருஷம் தொழில்முறையா ஆடியிருக்கார், அஞ்சாவது ரவுண்டுன்னா என்னன்னே தெரியாது. அந்த 32 பேர்ல பெரும்பாலானவங்க பேரை பாக்ஸிங்லயே ஊறினவங்ககிட்ட கேட்டாலும் முழிப்பாங்க. 2015 ஜனவரியில அப்ப சாம்பியனா இருந்த ஸ்டிவர்னோட பெல்ட்டுக்கு ஆடினப்பதான் முதல் முறையா பன்னெண்டு ரவுண்டு போனார், அன்னைக்கு ஜாபை ஒழுங்கா போட்டு நல்லாவே ஆடினார், ஆச்சரியம் என்னன்னா அந்த ஜாபை அதுக்கப்புறம் அவரே மறந்துட்டார்.

பத்து டிஃபென்ஸையும் பார்ப்போம். மொலினா, டுஹாபாஸ், ஷ்பில்கா, அரியோலா, வாஷிங்டன். இதுல யாரையாவது அந்த நேரத்துல உலகத்தோட முதல் அஞ்சுல வெச்சிருப்பீங்களா? நியாயமா ஒண்ணு சொல்லணும், 2016 மே மாசம் ரஷ்யாக்காரர் பொவெட்கினோட மாஸ்கோவுல ஆட வைல்டர் ஒத்துக்கிட்டார், பொவெட்கின் டோப் டெஸ்ட்ல மாட்டினதால ஆட்டமே கேன்சல். அது அவர் தப்பில்ல. ஆனா நடக்காத ஆட்டத்துக்கு மார்க் போட முடியாது.

சரி, அப்ப எதை வெச்சுதான் பார்ப்பீங்கன்னு கேட்டா, எதிராளி நல்ல ஃபார்ம்ல இருக்கணும், வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்த திட்டம் நடு ஆட்டத்துல உடைஞ்சு போகணும், அப்புறம் இவர் என்ன பண்றார்னு பார்ப்பேன், அவ்வளவுதான். 2024 மே மாசம் ரியாத்ல உசிக் - ஃப்யூரி முதல் ஆட்டத்தை எடுத்துக்கோங்க. நாலுல இருந்து ஏழு வரைக்கும் ஃப்யூரி ராஜ்ஜியம், கீழ இருந்து வந்த அப்பர்கட், வயித்துல குத்து, நடுநடுவுல கோமாளித்தனம் வேற. உசிக்கோட காலு கொஞ்சம் தளர்ந்துச்சு. வேற யாரா இருந்தாலும் அங்க ஒண்ணு கட்டிப் பிடிப்பாங்க, இல்ல கண்ணை மூடிட்டு பெருசா சுத்துவாங்க. உசிக் ரெண்டுமே பண்ணல, எட்டாவது ரவுண்டுல இடது கையை நேர்க்கோட்டுல மூஞ்சிக்கு அனுப்ப ஆரம்பிச்சார், ஒன்பதாவதுல ஃப்யூரி ரிங்கோட ஒரு மூலையில இருந்து இன்னொரு மூலைக்கு கயிறைப் பிடிச்சுட்டு தள்ளாடினார், ரெஃப்ரி எட்டு எண்ணினார், மணி அடிச்சு காப்பாத்துச்சு. டிசம்பர்ல நடந்த ரீமேட்ச்ல ஃப்யூரி எடை பார்க்கும்போது உசிக்கைவிட 25 கிலோ அதிகம், அப்பவும் மூணு ஜட்ஜும் 116-112ன்னு உசிக்குக்கே குடுத்தாங்க. "க்ரூஸர்வெயிட் (ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழ) பொடியன், பெரிய ஆளு வந்தா தெரியும்"னு மூணு வருஷம் எழுதினவங்க இப்ப வேற டாபிக் பேசிட்டிருக்காங்க.

இப்ப வைல்டருக்கு வருவோம், இங்கதான் உங்களோட எனக்கு உண்மையான சண்டை. போன இதழ்ல ரெண்டு வரியில அவரை முடிக்க வேணாம்னுதான் விட்டேன், ஏன்னா வைல்டர் உலகத்தரமான்னு கேட்டா என் பதில் ஆமா, 2018 மார்ச்ல இருந்து 2021 அக்டோபர் வரைக்கும். உங்க லெட்டர்ல நீங்க ஒரு வார்த்தைகூட சொல்லாத ஆட்டங்கள் அதெல்லாம். ப்ரூக்ளின்ல லூயிஸ் ஒர்டிஸோட முதல் ஆட்டம், ஏழாவது ரவுண்டோட கடைசி நிமிஷம், ஒர்டிஸோட கவுன்டர் (பதிலடிக் குத்து) விழுந்து வைல்டர் நின்னுட்டே தூங்கறார், கை தொங்குது, காலு ரெண்டும் வேற வேற திசையில போகுது. அதுவரைக்கும் அவரை யாரும் அப்படி அடிச்சதில்ல. எப்படியோ அந்த ரவுண்டைத் தள்ளினார், பத்தாவதுல ஒர்டிஸை முடிச்சார். ரீமேட்ச்ல மூணு ஜட்ஜ் கார்டுலயும் பின்னாடி இருந்தார், ஏழாவதுல ஒரே ரைட் ஹேண்ட், முடிஞ்சுது. அந்த ரைட் ஹேண்ட் வந்தா போதும்னு ஆறு ரவுண்டு பொறுமையா தோத்துட்டு இருக்கறதுக்கும் ஒரு தைரியம் வேணும், அதை நான் குறைச்சு மதிப்பிடல.

அதைவிட முக்கியம் ஃப்யூரியோட மூணு ஆட்டம், அதுல ஒண்ணுகூட அவர் ஜெயிக்கல. 2018ல முக்கால்வாசி ரவுண்டு தோத்துட்டு பன்னெண்டாவதுல ஃப்யூரியைப் படுக்க வெச்சு டிரா வாங்கினார் (ஃப்யூரி எழுந்தது இன்னைக்கும் எனக்குப் புரியல). 2020ல ஃப்யூரி புது கோச்சோட வந்து முன்னாடியே நடந்து வந்தார், பின்னாடி போயிட்டே எப்படி ஆடறதுன்னு வைல்டருக்குத் தெரியல, ஏழாவதுல வைல்டரோட கார்னர் ஆளுங்களே டவலைப் போட்டு ஆட்டத்தை நிறுத்திட்டாங்க, அதுக்கப்புறம் ரிங்குக்குப் போட்டுட்டு வந்த டிரெஸ் கனமா இருந்துச்சு, காலு போச்சுன்னு ஒரு சப்பைக்கட்டு. அதோட முடிஞ்சிருந்தா நானும் ரெண்டு வரியில முடிச்சிருப்பேன். ஆனா 2021 அக்டோபர்ல லாஸ் வேகாஸ்ல மூணாவதுல விழுந்தார், எழுந்து நாலாவதுல ஃப்யூரியை ரெண்டு தடவை சாய்ச்சார், அதுக்கப்புறம் மூச்சு முட்டி, வாய் திறந்து, கை தூக்க முடியாம பதினொண்ணாவது வரைக்கும் நின்னார். அவரோட பத்து டிஃபென்ஸையும் எடுத்துட்டு இந்த ஒரு தோல்வியை மட்டும் குடுத்தாலும் அவர் யாருன்னு நான் சொல்லிடுவேன்.

அப்ப ஏன் உசிக், ஃப்யூரி பக்கத்துல வெக்கலைன்னா, அந்த ரைட் ஹேண்ட் படலைன்னா அவர்கிட்ட வேற எதுவும் கிடையாது. நியூசிலாந்துக்காரர் ஜோசஃப் பார்க்கர் 2023 டிசம்பர்ல பன்னெண்டு ரவுண்டும் அதைப் படவிடாம பார்த்துக்கிட்டார், வைல்டரை தேட வேண்டியதாயிடுச்சு. அப்ப வயசு 38, அதனால பார்க்கர்கிட்டயும் ஜாங்கிட்டயும் தோத்ததை நான் பெருசா அவர் கணக்குல எழுதல. தோல்விங்கறதே தரத்தைக் குறைக்கும்னு நினைக்கிறவனும் நான் இல்ல, லென்னாக்ஸ் லூயிஸ் மெக்கால்கிட்டயும் ரஹ்மான்கிட்டயும் ஒத்தை அடியில விழுந்தார், ரெண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டு ஜெயிச்சார். ஜோஷுவாவும் ஆண்டி ரூயிஸ்கிட்ட விழுந்தார், ஆறு மாசத்துல திருப்பி வாங்கினார், ஆனா அன்னைக்கு வந்த ரூயிஸ் எடை பார்க்கும்போது 128 கிலோ, தயாராவே வரல, அதனாலதான் ஜோஷுவாவை "அடுத்த படி"ன்னு எழுதினேன், வேற காரணம் இல்ல.

இடாமா. கை வேகம், இடது கையை ஒளிச்சு வெச்சு விடற விதம், இந்த வயசுல இவ்வளவு நிதானம், எல்லாம் ஒத்துக்கறேன். 2025 ஆகஸ்ட்ல டில்லியன் வைட்டை ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிச்சார். அந்த வைட்டுக்கு வயசு 37. 2020ல பொவெட்கினோட மோதின வைட் அவர் இல்ல, அது அவரோட நிழல். இடாமா அந்த ஆட்டம் வரைக்கும் ஆறு ரவுண்டைத் தாண்டினதே இல்ல, வைல்டரோட 32ஐ இப்பதான் பேசினோம். யாராவது அவரை எட்டாவது ரவுண்டு வரைக்கும் இழுத்துட்டுப் போய் மூக்குல ரத்தம் வர வெக்கட்டும், அடுத்த வாரமே எழுதுங்க, முழுப் பக்கம் தர்றேன்.