குறைந்த செலவில் காரின் நிறத்தை மாற்ற முடியுமா?

முடியும். பெயின்ட் அடிப்பதைவிட அதற்கு முந்தைய தேய்ப்புக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். கூலியும் அங்கேதான் ஏறும். அதை நீங்களே செய்யுங்கள். மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் துடைத்து, 600 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) பளபளப்பு மங்கும்வரை தேயுங்கள். காய்ந்ததும் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மினுங்கும் இடத்தில் புது பெயின்ட் சரியாகப் பிடிக்காது, பின்னால் உரியும். தகரம் தெரிந்தால் அங்கே பிரைமர் என்ற அடிப்பூச்சு கட்டாயம்.

அப்புறம், ஸ்ப்ரே அடிப்பதைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள். ஹார்டனர் (பெயின்டை இறுக வைக்கும் ரசாயனம்) கலந்த பெயின்டின் புகை நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண முகக்கவசம் போதாது.

மினுமினுக்கும் மெட்டாலிக் நிறம் வேண்டாம், சாதா நிறமே மலிவு. அதுவும் பழைய நிறத்துக்கு நெருக்கமாக இருந்தால் நல்லது. வெள்ளைக் காரைக் கறுப்பாக்கினால், கதவைத் திறக்கும்போதெல்லாம் ஓரத்தில் வெள்ளை தெரியும். அதையும் மறைக்கப் போனால் செலவு எகிறிவிடும்.

பதிவுச் சான்றில் நிறம் குறித்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.