டைகர் ஓடிப்போன ஹாலோவீன்

தம்பி, ஜூனில்தான் அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் எடிசனுக்குக் குடிவந்தோம், காப்பகத்திலிருந்து ஒரு நாயை எடுத்து வளர்க்கிறோம், அக்டோபர் 31, ஹாலோவீன் அன்று என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். ஊரில் தீபாவளிக்குச் செய்வதுபோல ஜன்னலைச் சாத்தி, டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தால் போதாதா என்றும் கேட்டீர்கள்.

போதாது. தீபாவளியில் நாயைப் படுத்துவது வெடிச்சத்தம். இங்கே வெடி கிடையாது. வேஷம் போட்ட பிள்ளைகள் வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருவார்கள். பொழுது சாய்ந்ததும் காலிங்பெல் அடிக்கத் தொடங்கும், எட்டு எட்டரை வரை ஓயாது. ஒவ்வொரு தடவையும் கதவு திறக்கும். அந்தக் கதவுதான் பிரச்சினை.

நாங்கள் வந்த இரண்டாம் வருடம் நடந்தது இது. மிட்டாய்க் கிண்ணத்தோடு கதவைத் திறக்கிறேன், எதிரே ஆறடி எலும்புக்கூடு. எங்கள் டைகர் என் கால் இடுக்கில் புகுந்து ஓடியே போனான். வந்தது வேறு யாருமில்லை, தினமும் அவனைக் கொஞ்சிவிட்டுப் போகும் பக்கத்து வீட்டுப் பையன்தான்! முகமூடியும் தொளதொள அங்கியும் போட்டால் நாய்க்கு ஆள் அடையாளம் குழம்பிவிடுகிறது. இரவு பதினோரு மணிக்கு, மூன்று தெரு தள்ளி ஒருவர் கழுத்துப்பட்டையில் இருந்த என் மனைவியின் எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டார். தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் இருந்தது. ஆனால் அதன் பதிவில் நான் எப்போதோ விட்டுவிட்ட பழைய போன் எண். சிப்பை ஜிபிஎஸ் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்கேன் செய்தால் வெறும் எண் வரும். அந்த எண்ணுக்கு எதிரே யார் பெயர் இருக்கிறதோ, அவருக்குத்தான் அழைப்பு போகும்.

அதனால் அன்றைக்கு வெளிச்சம் இருக்கும்போதே நடக்கக் கூட்டிப்போய் வந்துவிடுங்கள். அப்புறம் வாசலுக்குத் தூரமான அறையில் அதன் படுக்கை, தண்ணீர், கடிக்க ஏதாவது வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். பெல்லைக் கழற்றி வைத்தாலும் தப்பில்லை. வாசல் விளக்கை அணைத்துவிட்டால் 'இங்கே மிட்டாய் இல்லை' என்று அர்த்தம், பெரும்பாலான பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள். கொடுக்க ஆசையாக இருந்தால் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து கொடுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான், குளிருக்கு ஒரு ஃபிளாஸ்க் காபியோடு. நாய்க்கு வேஷம்? புதிதாக வந்த நாய்க்கு வேண்டவே வேண்டாம்.

அடுத்தது தீனி. சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமின் என்ற பொருளை நாயின் உடம்பு மெதுவாகத்தான் வெளியேற்றும். பத்து கிலோ நாய் பால் சாக்லேட்டை 100 கிராம் அளவுக்குத் தின்றால் வாந்தி, படபடப்பு தொடங்கலாம். இனிப்பில்லாத பேக்கிங் சாக்லேட் என்றால் 15 கிராமே போதும். சர்க்கரை இல்லாத சூயிங்கம் அதைவிட மோசம். அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தச் சர்க்கரை சரிந்துவிடலாம். நம்மவர்கள் மறந்துவிடுவது உலர் திராட்சை. 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. வீடு நிறைய விருந்தாளிகள், மேஜை நிறைய லட்டும் பாயசமும். ஒரு மாமி பாசத்தோடு டைகருக்கு லட்டு ஊட்டப் போக, நான் பாய்ந்து பிடுங்கினேன். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று விளக்குவதற்குள் அவர் முகம் வாடிவிட்டது.

மறுநாள் காலை நடைக்குப் போகும்போது கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள், நடைபாதை முழுக்க மிட்டாயும் காகிதமும் சிதறிக் கிடக்கும்.

எதையாவது தின்றுவிட்டால் 'பார்க்கலாம்' என்று காத்திருக்காதீர்கள். சாக்லேட் விஷக்குறி தெரிய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். ஏஎஸ்பிசிஏ என்ற விலங்கு நல அமைப்பின் விஷ உதவி எண் 888-426-4435, எந்நேரமும் எடுப்பார்கள், அதற்குக் கட்டணம் இருக்கலாம். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வைத்தியம் மட்டும் வேண்டாம், உப்பே விஷமாகிவிடும்.

ரொம்பப் பயப்படுகிற நாய் என்றால் அன்றைக்குக் கொடுக்க மருந்து உண்டு. மருத்துவரிடம் இப்போதே கேட்டு, முன்னதாக ஒருநாள் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் முன்னால் இன்றிரவே அந்த சிப் பதிவைத் திறந்து பாருங்கள். இன்னும் காப்பகத்தின் எண்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.