‘பசுமை வீடு’ பேக்கேஜுக்கு 3 லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: கூடுவாஞ்சேரியில் எங்களுக்கு 1,200 சதுர அடி மனை இருக்கிறது. தரைத்தளமும் முதல் மாடியுமாக 2,000 சதுர அடியில் வீடு கட்ட நினைக்கிறோம். வீட்டில் நான்கு பேர். சதுர அடிக்கு 150 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் ‘பசுமை வீடாக’ கட்டித் தருவதாக ஒப்பந்ததாரர் சொல்கிறார். மழைநீர் சேகரிப்பு, எல்.இ.டி. விளக்குகள், ஒரு கிலோவாட் சோலார், மாடித் தோட்டம் ஆகியவை அதில் அடங்கும். சுற்றுச்சூழலுக்கு நல்லதென்றால் செலவு செய்யத் தயார். ஒப்புக்கொள்ளலாமா?
— வாசகி, கூடுவாஞ்சேரி

பதில்: வேண்டாம். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். சட்டப்படி செய்தே தீர வேண்டியதற்குத் தனிக்கட்டணம் கேட்பது முறையல்ல. எல்.இ.டி. விளக்கு மூலைக்கடையிலும் கிடைக்கும். சோலாரை ஒப்பந்ததாரரிடம் விடாதீர்கள். வீடு முடிந்து மின் இணைப்பு வந்ததும் உங்கள் பெயரிலேயே வீட்டுக்கூரை சோலாருக்கான மத்திய அரசின் பி.எம். சூரிய கர் திட்டத்தில் விண்ணப்பித்து, பதிவு பெற்ற நிறுவனம் மூலம் போட்டால் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும். தொட்டிச் செடிகளை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

அவர் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பார்ப்போம். நம் ஊர் வீடுகளுக்குச் சதுர அடிக்குச் சுமார் 0.4 மூட்டை சிமெண்ட், மூன்றரை கிலோ கம்பி என்று பொறியாளர்கள் தோராயமாகக் கணக்கிடுவார்கள். 2,000 சதுர அடிக்கு 800 மூட்டை, அதாவது 40 டன் சிமெண்ட். 7 டன் கம்பி. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது எரிபொருளின் புகை மட்டுமல்ல, கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயுவும் வெளியேறுகிறது. ஒரு டன் சிமெண்டுக்கு ஏறத்தாழ 600 கிலோ, ஒரு டன் கம்பிக்கு 2 டன்னுக்கு மேல் என்று வைத்தால், நீங்கள் பால் காய்ச்சுவதற்கு முன்பே உங்கள் வீடு சுமார் 40 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிவிடும். எந்த மாடித் தோட்டமும் இதை ஈடுகட்டாது.

அதனால் வரைபடத்தை மறுபடி எடுங்கள். எப்போதாவது வரும் விருந்தினருக்கென ஒரு படுக்கையறை, இரண்டாவது ஹால், ஒவ்வோர் அறைக்கும் ஒரு குளியலறை என்று இருக்கும். 1,400 சதுர அடியில் நான்கு பேர் தாராளமாக வாழலாம். குறையும் 600 சதுர அடியில் 240 மூட்டை சிமெண்டும் 2 டன் கம்பியும் மிச்சம். ஏறக்குறைய 11 டன் கரியமில வாயு குறையும். சதுர அடி 2,300 ரூபாய் என்றாலும் கையில் 13 லட்சத்துக்கு மேல் நிற்கும். அத்தனை அறைகளைக் காலமெல்லாம் பெருக்கித் துடைப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது. அதையும் கணக்கில் சேருங்கள்.

மிச்சமாகும் பணத்தில் கொஞ்சம் மொட்டை மாடிக்குப் போகட்டும். ஏ.சி. ஒன்று ஆண்டுக்கு 1,000 யூனிட் இழுத்தால், நிலக்கரியை நம்பியிருக்கும் நம் மின்சாரத்தில் அது சுமார் 700 கிலோ கரியமில வாயு. இரண்டு ஏ.சி. 30 ஆண்டுகள் ஓடினால் வீடு கட்டியதற்குச் சமமாக வந்துவிடும். தளத்தின் மேல் வெள்ளை டைல்ஸ் அல்லது உடைந்த வெள்ளை டைல்ஸ் துண்டுகளைப் பதியுங்கள். மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடி ஜன்னல் வேண்டாம். ஜன்னல்களுக்கு அகலமான சன்ஷேடு வையுங்கள். மே மாத இரவில் வித்தியாசம் தெரியும்.

சிமெண்ட் வாங்கும்போது அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி. ரகத்தைக் கேளுங்கள். சாம்பல் சேரும் அளவுக்குச் சுட்ட சுண்ணாம்புக் கல் குறைகிறது. ஆனால் இது மெதுவாக இறுகும். குறைந்தது 10 நாள், வெயில் காலத்தில் 14 நாள் தண்ணீர் விட வேண்டும் என்பது இந்தியத் தர விதி. பல இடங்களில் மூன்றாம் நாளே நிறுத்திவிட்டு, விரிசல் வந்ததும் சிமெண்டின் மேல் பழி போடுகிறார்கள். தண்ணீர் விடும் நாட்களை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: சாம்பல் செங்கல் வேண்டாம், சூளைச் செங்கல்தான் உறுதி என்கிறார் மேஸ்திரி. எதை வாங்குவது?
— வாசகர், கோவை

பதில்: நல்ல சாம்பல் கல் தாராளமாகப் போதும். கோவைக்காரரான உங்களுக்குத் தடாகம் பள்ளத்தாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. யானைகள் நடக்கும் நிலத்தில் ஆள் உயரத்தையும் தாண்டிய ஆழத்துக்குச் செம்மண் வெட்டப்பட்டு, 2021-ல் அங்கிருந்த சூளைகள் மூடப்பட்டன. அந்தப் பள்ளங்கள் இன்னும் நிரம்பவில்லை.

ஆனால் சாம்பல் கல்லிலும் மட்டரகம் உண்டு. உங்கள் மேஸ்திரி பார்த்தது அதுவாக இருக்கலாம். லோடு இறக்கும் முன் நான்கைந்து கற்களைக் கேட்டு வாங்குங்கள். நகத்தால் கீறினால் பொடி உதிரக் கூடாது. நன்கு உலர்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வைத்து, துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். 3 கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டினால் அந்த லோடு வேண்டாம்.

கேள்வி: கும்பகோணத்தில் தாத்தா கட்டிய வீடு. சுண்ணாம்புச் சுவர், மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. ஒரு மூலையில் ஒழுகுகிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் லாபம் என்கிறார்கள்.
— வாசகர், கும்பகோணம்

பதில்: யார் சொல்கிறார்கள்? இடிப்பவரும் புதிதாகக் கட்டுபவரும் சொன்னால் அந்த யோசனையை ஒதுக்கி வையுங்கள். இரண்டு வேலையிலும் பங்கில்லாத கட்டடப் பொறியாளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து, உத்தரங்களில் கரையான் இருக்கிறதா, சுவர் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மூலை ஒழுகல் பெரும்பாலும் மேல்தளத்தைப் பெயர்த்துச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டால் தீர்ந்துவிடும். அந்தச் சுவர்களுக்குச் சிமெண்ட் பூசிவிடாதீர்கள். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, பூச்சு பாளம் பாளமாக விழும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் டெல்டாவில் இன்னும் இருக்கிறார்கள். பழைய கோயில், மடங்களில் வேலை செய்பவர்களிடம் விசாரியுங்கள்.

கேள்வி: பெரும்பாக்கம் பக்கம் ‘ஏரிக் காற்று வீசும் மனை’ என்ற விளம்பரத்தைப் பார்த்து 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். இப்போது உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
— வாசகர், மடிப்பாக்கம்

பதில்: பயம் நியாயமானது. பெரும்பாக்கத்தை ஒட்டிய பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அதற்குள் அதன் பெரும்பகுதி கட்டடங்களுக்கும் குப்பைமேட்டுக்கும் போய்விட்டிருந்தது. தென்சென்னையின் மழைநீர் வந்து தங்கும் இடம் அது. அங்கே லாரி லாரியாக மண் கொட்டி உயர்த்திய மனையில் தண்ணீர் நிற்காமல் போகலாம். அந்தத் தண்ணீர் அடுத்த தெருவில் இருப்பவர் வீட்டுக்குள் போகும்.

அந்தச் சர்வே எண்ணையும் சுற்றியுள்ள எண்களையும் நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டிலும், நில அளவை வரைபடமான புலப்படத்திலும் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால் என்று எங்காவது இருந்தால் விலகிவிடுங்கள். பிறகு நேரில் போய் அக்கம்பக்கத்துச் சுவர்களைக் கவனியுங்கள். முழங்கால் உயரத்தில் பழைய சேற்றுக்கோடு, இடுப்புக்கு மேல் தூக்கிப் பொருத்திய மின்மீட்டர், தெருவைவிடத் தாழ்ந்துபோன வாசற்படி எல்லாம் பத்திரத்தில் இருக்காது. 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அங்கே கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள். வங்கி கடன் தருகிறது என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

500 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணை எழுத்தில் கேளுங்கள். விளம்பரத்தில் சொன்னது பொய்யென்று தெரிந்தால், கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்க 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு வழி செய்கிறது. ரசீதோடு அந்த விளம்பரத் துண்டுத்தாளையும் பத்திரமாக வைத்திருங்கள்.