ஜேக்வெரி என்றால் என்ன, அது எதற்காக வந்தது?

ஜேக்வெரி என்பது வேறு ஆட்கள் முன்பே எழுதி வைத்த ஜாவாஸ்கிரிப்ட் (இணையப் பக்கங்களை இயங்க வைக்கும் நிரல்மொழி) நிரல்களின் தொகுப்பு. அதை உங்கள் இணையப் பக்கத்தில் சேர்த்துவிட்டால், பட்டனை அழுத்தினால் மெனு திறப்பது மாதிரியான வேலைகள் இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடும்.

சரி, ஏன் தேவைப்பட்டது? 2006-இல் ஜான் ரெசிக் என்ற நிரலாளர் இதை வெளியிட்டபோது ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டது. ஒரு கிளிக்கைக் கவனிக்க ஃபயர்பாக்ஸில் ஆட்ஈவென்ட்லிஸனர் என்று எழுத வேண்டும், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரிலோ அட்டாச்ஈவென்ட். ஆக ஒரே வேலையை இரண்டு விதமாக எழுதி, இரண்டிலும் சோதித்து, அப்புறம் எங்கே உடைகிறது என்று தேடி, பொறுமையையே தின்றுவிடும் வேலை அது. ஜேக்வெரி அந்த வித்தியாசங்களை எல்லாம் உள்ளேயே சமாளித்துக்கொண்டது. வெளிநாடு போகும்போது எடுத்துப்போகிற அடாப்டர் மாதிரி: சுவரில் எந்த வகை பிளக் பாயின்ட் இருந்தாலும் உங்கள் சார்ஜர் அதேதான்.

இன்றைய பிரவுசர்கள் பெரும்பாலும் ஒரே தரநிலையைப் பின்பற்றுகின்றன. அதனால் புதிதாகத் தொடங்கும் சிறிய தளத்துக்கு இது வேண்டாம் என்பேன். பழைய தளங்களில் இன்னும் நிறைய இருக்கிறது, படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது தெரிந்துகொள்ளுங்கள்.

இது ஜாவாஸ்கிரிப்டுக்குப் பதிலாக வந்த தனி மொழி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அதில் வரும் டாலர் குறிகூட ஒரு சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷனின் பெயர்தான்.